யூட்யூப் பார்த்து நாட்டுத் துப்பாக்கி செய்யலாமா? சட்டம் என்ன சொல்கிறது, வரலாறு என்ன சொல்கிறது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம். இந்தியாவில், உரிமம் இல்லாமல், செய்யக் கூடாது. பொழுதுபோக்குக்காக என்றாலும் சரி, சுவரில் மாட்டத்தான் என்றாலும் சரி, அது சுடும் நிலையில் இருந்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டுகள் சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

இவ்வளவு சின்ன பதிலுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கட்டுரை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீடியோவில் இருப்பவர் குற்றவாளி இல்லை. அவர் ஊரில் அது முழுக்க சட்டப்படியான கைவேலை. அவர் முகத்தில் பயமோ, பின்னணியில் எச்சரிக்கையோ இருக்காது. தோல் ஏப்ரன் கட்டிய ஒரு பெரியவர், மேப்பிள் மரக்கட்டை, ஓர் அரம், மெல்லிய இசை. அவ்வளவுதான். தச்சு வேலை வீடியோ, கத்தி அடிக்கும் வீடியோ, பழைய கடிகாரம் பழுது பார்க்கும் வீடியோ என்று பார்த்துக்கொண்டே போனால் அல்காரிதம் உங்களை இங்கே கொண்டுவந்து விடும். பார்க்கிற நீங்கள் களமசேரியில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காக்கநாட்டில் ஐடி வேலை, சனி ஞாயிறு ஏதாவது கையால் செய்ய ஆசை. பக்கத்திலேயே கேரளா ஸ்டார்ட்அப் மிஷன் வளாகத்தில், 2020 ஜனவரியில் எம்.ஐ.டி. கூட்டுடன் திறக்கப்பட்ட சூப்பர் ஃபேப் லேப் இருக்கிறது. உலோகம் வெட்டவும் கடையவும் இயந்திரம் இருக்கிற ஊர். "நாமும் ஒன்று செய்து பார்த்தால் என்ன" என்ற நினைப்பு வருவது இயல்புதான்.

அந்த நினைப்புக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில், எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம்?

இன்றைய துப்பாக்கிகளில் தோட்டாவைப் பின்பக்கமாகப் போடுகிறோம். அதற்கு முந்தைய காலத்தில், குழலின் வாய் வழியாகவே கரிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டைப் போட்டு, ஒரு கம்பியால் குத்திக் கெட்டிப்பார்கள். கோயில் திருவிழாவில் வேட்டுக்குழாயில் மருந்து கெட்டிப்பதைப் பார்த்திருந்தால் உடனே புரியும். பற்றவைக்கும் முறை மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. முதலில் எரியும் திரி, பிறகு சிக்கிமுக்கிக் கல், பிறகு சின்ன கேப்.

நம் ஊர் செய்தித்தாளில் "நாட்டுத் துப்பாக்கி, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்" என்று வாரம் ஒரு முறையாவது வருமே, அது பெரும்பாலும் இந்த வகைதான். போலீஸ் குறிப்பில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள். ஒற்றைக் குழல், வாய் வழி கெட்டிப்பது என்று அர்த்தம். இன்னொரு சின்ன விஷயம்: குழலின் உட்புறம் சுருள் வரிகள் வெட்டியிருந்தால்தான் அது ரைபிள். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி உள்ளே வழவழப்பானது. அமெரிக்க வீடியோக்களில் வருவது பெரும்பாலும் ரைபிள். 18-ம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் உருவாக்கிய நீளக் குழல் வகையின் வாரிசுகள் அவை.

அமெரிக்கர் செய்தால் கலை, நாம் செய்தால் குற்றமா?

ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான்.

அமெரிக்காவின் 1968-ம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் "பழம்பொருள்" என்று ஒரு வகையைத் தனியாக வைத்திருக்கிறது. 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவை அதில் வரும். அதோடு, கரிமருந்து மட்டுமே பயன்படுத்தும் வாய் வழித் துப்பாக்கியை நேற்று செய்திருந்தாலும், பெரும்பாலும் இந்த வகையில் சேர்ந்துவிடும். மத்திய சட்டத்தின் பார்வையில் அது "துப்பாக்கி"யே இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும் என்பது தனிக்கதை. இந்தியானா மாநிலத்தின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இதற்கென்றே 1933-ல் தொடங்கிய தேசிய சங்கம் இருக்கிறது. போட்டி, பயிலரங்கு எல்லாம் நடக்கும்.

இந்த வீடியோ மரபுக்கும் ஒரு தொடக்கம் உண்டு. வர்ஜீனியாவில் உள்ள காலனியல் வில்லியம்ஸ்பர்க் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். அங்கே துப்பாக்கிக் கொல்லராக இருந்த வாலஸ் கஸ்லர், இரும்புப் பட்டையில் தொடங்கி செதுக்கு வேலை வரை ஒரு முழு ரைபிளைக் கையாலேயே செய்து முடிப்பதை 1969-ல் ஆவணப்படமாக எடுத்தார்கள். சுமார் ஒரு மணி நேரப் படம். செத்துப்போய்விட்டது என்று நினைத்த ஒரு கைத்தொழிலைப் பலர் மறுபடி தொட்டுப் பார்க்க அந்தப் படம் ஒரு காரணம். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் சேனல்கள் எல்லாம் ஒருவிதத்தில் அதன் பேரப்பிள்ளைகள்.

எல்லா நாடும் அமெரிக்கா மாதிரி இல்லை. இங்கிலாந்தில் சுடும் நிலையில் உள்ள புதிய நகலுக்குச் சான்றிதழ் வேண்டும். யூட்யூபும் 2018-லிருந்து துப்பாக்கி தயாரிக்கச் செய்முறை சொல்லும் வீடியோக்களுக்குத் தடை வைத்திருக்கிறது. ஆனால் மரவேலை, செதுக்குவேலை, வரலாறு என்று வரும் வீடியோக்கள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

இந்தியச் சட்டம் எங்கே பிடிக்கும்?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைத் திறந்தால் பிரிவு 2-லேயே விஷயம் முடிந்துவிடுகிறது. வெடிபொருள் அல்லது வேறு ஆற்றலின் விசையால் எந்த வகையான எறிபொருளையும் வெளியே தள்ளும்படி வடிவமைக்கப்பட்ட எதுவும் துப்பாக்கிதான். கரிமருந்துக்கு விலக்கு இல்லை. 18-ம் நூற்றாண்டு வடிவம் என்பதற்கும் விலக்கு இல்லை. இன்னும் கவனிக்க வேண்டியது, உதிரி பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அதே வரையறைக்குள் வருகின்றன. லேத் வைத்திருப்பது குற்றமில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் "நான் குழல் மட்டும்தான் செய்தேன், முழுத் துப்பாக்கி செய்யலையே" என்ற வாதம் எடுபடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

பிரிவு 5: உரிமம் இல்லாமல் தயாரிக்கவோ, விற்கவோ, பழுது பார்க்கவோ, சோதித்துப் பார்க்கவோ கூடாது. பழுது பார்ப்பதும் இதில் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பிரிவு 6: பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றவும் உரிமம் வேண்டும்.

தண்டனை பிரிவு 25-ல். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தயாரித்தால் 7 ஆண்டுகளிலிருந்து ஆயுள் வரை, கூடவே அபராதம். வெறுமனே வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காட்டுப் பன்றியை விரட்ட யாரிடமோ வாங்கி வைத்திருப்பவரைவிட, ஆசைக்காக ஒன்றைச் செய்தவர் சட்டத்தின் முன் பெரிய குற்றவாளி. நோக்கம் அப்பாவித்தனமானது என்பது தண்டனையின் அளவில் நீதிபதியின் மனதை அசைக்கலாம். ஆனால் குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டத்தில் எழுதிய பிறகு அவர் கையும் கொஞ்சம் கட்டப்பட்டதுதான். அரசு வேலை, பாஸ்போர்ட், விசா இதெல்லாம் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கரிமருந்துக்கு வேறு, 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 1908-ம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டமும் தனித்தனியாகக் காத்திருக்கின்றன.

சரி, வீடியோ பார்ப்பது குற்றமா? இல்லை. தாராளமாகப் பாருங்கள்.

தயாரிப்பு உரிமம் வாங்க முடியாதா என்றால், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலைக்கான வழி. இடம், பாதுகாப்பு அறை, பதிவேடு, சோதனை, ஆய்வு என்று போகும். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு துப்பாக்கி செய்துகொள்கிறேன்" என்பவருக்கு ஒரு படிவம் அதில் கிடையாது. பிகாரின் முங்கேரும் ஸ்ரீநகரின் பந்தூக் கர் மொஹல்லாவும் தலைமுறைகளாகத் துப்பாக்கி செய்த இடங்கள். முங்கேரின் கதை 1760-களில் வங்காள நவாப் மீர் காசிம் அங்கே ஆயுதப் பட்டறை வைத்ததிலிருந்து தொடங்குகிறது. அங்கேயே உரிமம் உள்ள பட்டறைகள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. உரிமம் இல்லாதவை பெருகி, ஊர்ப் பெயரே கள்ளத்துப்பாக்கிக்கு அடைமொழியாகிவிட்டது.

கொச்சிக்கும் துப்பாக்கிக்கும் 500 வருடப் பழக்கம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் "பார்த்துக் கற்றுக்கொள்வது" என்ற உங்கள் கேள்வி கொச்சிக் கரையில் புதிதல்ல.

1503-ல் போர்த்துக்கீசியர் கொச்சியில் கோட்டை கட்டினார்கள். கோழிக்கோட்டு சாமூதிரிக்கு அவர்களுடைய பீரங்கிதான் தலைவலி. அந்த நேரம் பார்த்து, போர்த்துக்கீசியக் கப்பலில் வந்த மிலான் நகரத்து உலோகக் கைவினைஞர்கள் இரண்டு பேர், ஜியான் மரியா, பியெத்ரோ அந்தோனியோ, கட்சி மாறி கோழிக்கோட்டுக்குப் போய்விட்டார்கள். 1505 வாக்கில் அங்கே போன லுடோவிகோ டி வர்த்தேமா என்ற இத்தாலியப் பயணி அவர்களைச் சந்தித்து எழுதி வைத்திருக்கிறார். சிறியதும் பெரியதுமாக நானூறு ஐநூறு பீரங்கிகள் வார்த்தார்கள் என்கிறார் (பயணிகள் கணக்கில் கொஞ்சம் கூட்டல் இருக்கும், பரவாயில்லை). உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ஒரு பெரிய பீரங்கியின் வடிவத்தையே வகுத்துக் கொடுத்தார்கள், சாமூதிரியின் ஆட்கள் பதினைந்து பேருக்குச் சுடப் பழக்கினார்கள் என்றும் சொல்கிறார். அந்தக் காலத்து வீடியோ இந்த இரண்டு மனிதர்கள்தான். பிறகு மறுபடி போர்த்துக்கீசியர் பக்கம் போக முயன்றபோது இருவரும் கொல்லப்பட்டார்கள்.

இதே கதையின் இன்னொரு முனை ஜப்பானில். 1543-ல் தானேகாஷிமா தீவுக்கு ஒரு சீனக் கப்பலில் வந்து சேர்ந்த போர்த்துக்கீசியரிடம் அந்தத் தீவின் தலைவர் இரண்டு துப்பாக்கிகள் வாங்கினார். தன் வாள் கொல்லர் யாயிதா கின்பெயிடம் கொடுத்து, இதே மாதிரி செய் என்றார். கின்பெ சாதாரண ஆள் இல்லை. ஜப்பானிய வாள் அடிப்பவர். பொருள் கையிலேயே இருக்கிறது, பிரித்துப் பார்க்கலாம், அளக்கலாம். குழல் செய்தார், விசை செய்தார். ஆனால் குழலின் பின்முனையை மூடும் திருகாணி மட்டும் வசப்படவில்லை. அப்போது ஜப்பானில் திருகு என்ற சங்கதியே பழக்கத்தில் இல்லை. மறுவருடம் வந்த கப்பலில் இருந்த ஒரு வெளிநாட்டுக் கொல்லர் சொல்லிக்கொடுத்த பிறகுதான் வேலை முடிந்தது என்கிறது 1606-ல் எழுதப்பட்ட ஜப்பானியக் குறிப்பு.

வீடியோ பார்த்துக் கற்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தேர்ந்த கொல்லர், கையில் மாதிரி, ஒரு வருட அவகாசம் எல்லாம் இருந்தும் மாட்டிக்கொண்டது, வெடியின் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டிய பின்முனையில்தான். அது சரியாக அமையாவிட்டால் குழலுக்குப் பின்னால் இருப்பது சுடுபவரின் முகம்.

வீடியோ எதைக் காட்டாது?

இரும்பு ஒட்டும் சூட்டுக்கு வந்துவிட்டதா என்பதைக் கொல்லர் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். கேமரா நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். சுத்தியலுக்கு அடியில் இரும்பு எழுப்பும் சத்தம், அரம் வழுக்கும்போது கையில் தெரியும் வித்தியாசம், இதெல்லாம் பட்டறையில் குருவின் பக்கத்தில் நின்றால்தான் வரும். மூன்று மாத வேலையை 40 நிமிடமாக வெட்டும்போது முதலில் போவது தோற்றுப்போன முயற்சிகள். பாளம் விட்ட குழலைத் தூக்கி எறிந்தது, அடுத்ததைச் செய்தது எதுவும் வராது.

முக்கியமாக, சோதனை. ஐரோப்பாவில் இதை அரசாங்க விவகாரமாகவே வைத்திருந்தார்கள். லண்டனில் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637-லேயே அரச சாசனம் கிடைத்தது. குழல்களைச் சோதித்து முத்திரை குத்துவதும் அவர்கள் பொறுப்பு. பர்மிங்காமில் 1813-ல் தனிச் சோதனைச்சாலை வந்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து கெட்டித்து, மனிதர் இல்லாத அறையில் வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் குப்பை. தொழில் தெரிந்தவர்களே தங்கள் வேலையை நம்பாமல் வைத்த ஏற்பாடு அது. நம் மலைக்காடுகளில் தண்ணீர்க் குழாயை வெட்டிச் செய்யப்படும் துப்பாக்கிகளுக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. விரல் போனவர்கள், கண் போனவர்கள் கதை ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறது. வெளியே சொன்னால் வழக்கு வருமே என்று பலர் சொல்வதும் இல்லை.

நம்மிடம் இந்தக் கைத்தொழில் இல்லவே இல்லையா?

இருந்தது. நிறையவே இருந்தது. பாளையக்காரர்களிடம் துப்பாக்கி வீரர்கள் இருந்தார்கள், அதைச் செய்யவும் சீர்படுத்தவும் தெரிந்த கொல்லர்கள் இருந்தார்கள். பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் மதராஸ் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை. மலபாரில் 1854-ல் போர்க்கத்திக்கே தனிச்சட்டம் வந்தது, 1885-ல் ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878-ம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம் நாடு முழுக்க அதையே செய்தது. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டமும் உரிம முறையை எடுக்கவில்லை. ஆக, நம் கொல்லர்கள் தொழிலை மறந்துபோனார்கள் என்று சொல்வது சரியில்லை. திட்டமிட்டு மறக்கடிக்கப்பட்டது.

திருவிதாங்கூரில் இன்னொரு வகை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனோய், மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்து, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலையை நடத்தினார். அவர் கல்லறை இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது.

மிச்சமிருக்கும் உயிருள்ள மரபு என்றால் நரிக்குறவர்கள். வாய் வழித் துப்பாக்கியும் அதற்கான உரிமமும் அவர்களில் பலரிடம் தலைமுறைகளாக இருந்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றமானது. துப்பாக்கி இருந்தும் பிழைப்பு இல்லாத நிலை. ஊசிமணி பாசிமணி விற்பதுதான் மிச்சம். சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது மலைகளில் பழங்குடியினர் வீடுகளில் உரிமம் இல்லாத துப்பாக்கிகள் இருக்கும். அவ்வப்போது போலீஸ் கெடு வைத்து, "தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று அறிவிக்கும். மறுநாள் காலை ஊர் எல்லையில் யாரோ நாலைந்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

மேற்கே கொஞ்ச தூரத்தில் குடகில் நிலைமையே வேறு. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை வைத்திருக்க உரிமமே தேவையில்லை. 1861-ல் பிரிட்டிஷார் கொடுத்த சலுகை அது. மத்திய அரசு 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தது, 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. அவர்களும் வைத்திருக்கலாம், அவ்வளவே. செய்ய முடியாது. ஒரே வகைத் துப்பாக்கி. ஒருவர் வீட்டில் அது பூஜைக்குரியது, இன்னொருவர் வீட்டில் அது 2 வருட சிறை. பிரிட்டிஷாருக்கு யார் விசுவாசமாக இருந்தார்கள் என்ற பழைய கணக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாத்தாவின் துப்பாக்கி பரணில் இருந்தால்?

வீடியோவைவிட இதுதான் உங்களில் பலருக்கு நிஜமாக வரக்கூடிய பிரச்சினை. கொங்கு, நீலகிரி, இடுக்கிப் பக்கம் விவசாயக் குடும்பம் என்றால் இன்னும் அதிகம். ஒவ்வொரு தேர்தலுக்கும் தாத்தா ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வந்த துப்பாக்கியாக இருக்கும். அவர் போன பிறகு உரிமமும் போய்விட்டது. பிரிவு 21-ன்படி, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்கலாம். "நினைவுக்காக வைத்திருக்கிறோம்" என்பது பதில் ஆகாது. பழுதானது, பழம்பொருள் என்று பிரிவு 45-ல் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அது பொருந்தும். துருப்பிடித்த நாட்டுத் துப்பாக்கியைச் சுத்தம் செய்தாலே சுடும், அதுதான் சிக்கல். வீடியோ பார்த்து அதை மெருகேற்றத் தொடங்கிவிடாதீர்கள். மேலே சொன்ன பிரிவு 5-ல் பழுது பார்ப்பதும் இருக்கிறது.

அப்போ கை அரிப்புக்கு என்ன வழி?

சுடத்தான் ஆசை என்றால், 0.177 அங்குல விட்டமும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை, மாவட்ட ரைபிள் சங்கங்களில் முறையாகக் கற்றுத்தருவார்கள். செய்யத்தான் ஆசை என்றால், அந்த வீடியோவில் உங்களை இழுத்தது குண்டு இல்லை, அரமும் உளியும்தான் என்று நினைக்கிறேன். மரத்தில் உலோகத்தை இம்மி பிசகாமல் பதிக்கும் வேலை, பித்தளையில் செதுக்கு வேலை, இரும்பு அடிக்கும் வேலை எல்லாவற்றுக்கும் நம் ஊரில் உயிரோடு குருமார்கள் இருக்கிறார்கள். நாச்சியார்கோவிலில் விளக்கு வார்க்கிறார்கள், திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கிறார்கள். வேலைக்கான அரிவாள், கத்தி ஆயுதச் சட்டத்தின் வரையறைக்குள் வராது.

பழைய ஆயுதங்களை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தனிக்கூடம் உண்டு. களமசேரியில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். கொச்சி அரச குடும்பத்தின் திருப்பூணித்துறை ஹில் பேலஸ் இப்போது அருங்காட்சியகம், ஆயுதப் பிரிவும் இருக்கிறது. 2024 மார்ச்சில் திருப்பூணித்துறை டெர்மினல் வரை மெட்ரோ வந்துவிட்டதால் வண்டி மாற வேண்டியதில்லை. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.